கம்பவுண்டர் வண்டி: 1972 ஜாவா, ஐஸ் பெட்டி பிராக்கெட்ட அறுக்கலாமா வேணாமா?

பென்னாகரம் ரோடு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா திட்டாதீங்க.

எங்க அப்பா கால்நடை ஆஸ்பத்திரில கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வயசு 79. வண்டி 1972 ஜாவா 250, புதுசா எடுத்தது, அதுக்கப்புறம் வேற வண்டி அவரு தொடவே இல்ல. நான் மொபட்டு வாங்குனப்ப கூட ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருப்பான்னு கெஞ்சினேன், "தையல் மிஷின் மாதிரி சத்தம் வருது, நீயே வச்சுக்க"ன்னுட்டாரு. எழுபதுகள்ல பென்னாகரம், ஏரியூர், அந்தப்பக்கம் பாலக்கோடு, மாரண்டஅள்ளின்னு பஸ் போகாத ஊருக்கெல்லாம் இந்த வண்டிலதான் போயி மாட்டுக்கு ஊசி போட்டாரு, வெக்கை நோய்க்கு, தொண்டை அடைப்பானுக்கு. மருந்து சூடாகக் கூடாதுல்ல, அதனால தகரத்துல பெட்டி செஞ்சு, உள்ள மரத்தூள் அடைச்சு, ஐஸ் கட்டி போட்டு எடுத்துட்டுப் போவாரு. அந்தப் பெட்டி உக்கார்றதுக்கு வலது பக்கம் பின்னாடி ஃப்ரேம்ல ஒரு ஆங்கிள் பிராக்கெட்ட வெல்டு வச்சிருக்காரு. பெட்டி இப்ப வண்டில இல்ல, பிராக்கெட் மட்டும் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அடுத்த வருஷம் ஆர்சி ரினிவல் வருது. அதுக்குள்ள வண்டிய ஃபுல்லா பண்ணிடலாம்னு பெங்களூர்ல ஒரு ரெஸ்டோரேஷன் கடைல காட்டுனேன். அவங்க சொல்றது, டேங்க்குக்கு குரோம், மெரூன் பெயிண்ட், கோல்டு லைனிங், ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆக்கித் தரோம், ஆனா அந்த பிராக்கெட்ட அறுத்து கிரைண்ட் பண்ணிடணும், அது ஒரிஜினல் இல்ல, வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் போனா இடிக்கும்னு. அப்பா கிட்ட சொன்னேன். பதிலே வரல, எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? வின்டேஜ் வண்டிக்குன்னு குடுக்குற விஏ நம்பர் போடலாமா, இப்படியே ரினிவல் பண்ணி ஓட்டலாமா?

புல்லட் பிரியன்:
ஐஸ் பெட்டிய சைலன்சருக்கு மேல வச்ச ஒரே மனுஷன் உங்கப்பாதான் தல 😄

பென்னாகரம் ரோடு:
ஜாவால ரெண்டு பக்கமும் சைலன்சர்ங்க, வேற எங்க வைக்கச் சொல்றீங்க. நடுவுல நனைச்ச கோணிப்பை மடிச்சு வைப்பாராம். ஏரியூர் போறதுக்குள்ள கோணி காஞ்சிடும், வழில கெணறு எங்கெங்க இருக்குன்னு பாத்து வச்சிருப்பாராம் நனைக்கிறதுக்கு.

ரெட்டை சைலன்சர்:
தம்பி, முதல்ல வாழ்த்துக்கள். 72ன்னா ஜாவா பேர்ல வந்த கடைசி காலத்து வண்டி, அதுக்கப்புறம் பேர் மாறி யெஸ்டி ஆயிடுச்சு. கம்பெனி மைசூர் யாதவகிரில இருந்துச்சு, 1961ல ஆரம்பிச்சு 96ல மூடிட்டாங்க. ஜாவாங்கிறது செக்கோஸ்லோவாக்கியா காரன் பேரு, யானெச்செக்கோட "ஜா"வும் வாண்டரரோட "வா"வும் சேந்தது, நிறைய பேர் ஜாவாத் தீவுன்னு நெனச்சுட்டு இருக்காங்க.

என்கிட்ட 1981 யெஸ்டி ரோட்கிங் ஒண்ணும் ஜாவா ஒண்ணும் இருக்கு. ஜாவாவ அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க சொல்ற மாதிரியே ஷோரூம் கண்டிஷனுக்குப் பண்ணேன். சத்தியமா சொல்றேன், அதுக்கப்புறம் அத எடுத்துட்டு வெளிய போகவே மனசு வரல, மழை வந்தா பயம், சந்தைல நிறுத்துனா எவனாவது கீறிடுவானோன்னு பயம், ஒரு பையன் டேங்க் மேல கை வச்சான்னு கோபம் வந்து கத்திட்டேன், அப்புறம் வெக்கமா போச்சு. ரோட்கிங்குதான் தினமும் ஓடுது, சீட்டு கிழிஞ்சு கிடக்கு.

பழைய நம்பர்:
விஏ பத்தி நிறைய பேர் தப்பா சொல்றாங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. 2021 ஜூலைல மத்திய அரசு கொண்டு வந்த ரூல் அது. முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டுன டூவீலர் ஃபோர்வீலருக்கு மட்டும். புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், திரும்பப் பதிய 5,000. விஏங்கிற எழுத்து புதுசா பதியிற வண்டிக்குத்தான், ஏற்கனவே நம்பர் இருக்குற வண்டி அதே பழைய நம்பர வச்சுக்கலாம். உங்க வண்டிக்கு மூணு எழுத்து பழைய நம்பர்தானே இருக்கும்? அது போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா முக்கியமானது வேற. வின்டேஜ்னு பதிஞ்சிட்டா அத வழக்கமா ரோட்ல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படித்தான் எடுக்கணும். உங்க அப்பா இன்னும் ஓட்டுறாரா? அதச் சொல்லவே இல்லையே நீங்க.

பென்னாகரம் ரோடு:
ஓட்டுறாருங்க. அதான் பிரச்சனையே. வாரச் சந்தைக்கு, பால் சொசைட்டிக்கு, கல்யாணம் காதுகுத்து எல்லாத்துக்கும் இதுலதான். முட்டி வலிக்குது, அதனால கிக் மட்டும் நான் அடிச்சு விடுவேன், இல்லன்னா எதிர்வீட்டுப் பையன். ஸ்டார்ட் ஆயிட்டா அப்புறம் அவர யாரும் நிறுத்த முடியாது.

ஸ்டார்ட் பண்றதுக்கே ஒரு பூஜை இருக்கு, எனக்கு எட்டாவது படிக்கும்போதே சொல்லிக் குடுத்துட்டாரு. பெட்ரோல் திறக்கணும், ஜிகோவ் கார்ப்பரேட்டர் தலைல இருக்குற குட்டி பின்ன அமுக்கிப் புடிக்கணும், விரல்ல பெட்ரோல் ஈரம் படுற வரைக்கும். அப்புறம் கியர் லீவர உள்ள தள்ளி மேல திருப்புனா அதுவே கிக்கர், தெரியாதவன் கிக்கர் எங்கன்னு வண்டியச் சுத்திச் சுத்தி வருவான். சாவி போடாம ரெண்டு மெதுவான கிக், அப்புறம் அந்த ஆணி மாதிரி சாவிய ஹெட்லைட்ல குத்திட்டு ஒரே ஒரு கிக். நாலாவது கிக்குக்குப் போனா அப்பா முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு.

ஓசூர் லேத்து:
சாவி ஆணி 😂 எல்லா ஜாவாவுக்கும் ஒரே சாவிதான், எங்க நைனா வண்டிய மாத்தி எவனோ எடுத்துட்டுப் போயி, சாயங்காலம் கொண்டு வந்து விட்டுட்டு சாரி சொல்லிட்டு அவன் வண்டிய எடுத்துட்டுப் போன கதை எங்க வீட்ல இன்னும் ஓடுது.

தம்பி, ரெஸ்டோரேஷன் அப்புறம் பாத்துக்கலாம். இஞ்சின் எப்படி இருக்கு? சிலிண்டர் தேஞ்சு கடைஞ்சு போர் பண்ணது எத்தன தடவ? கிராங்க் சத்தம் வருதா? பெயிண்ட் பத்தி பேசுறவன் நூறு பேர், பிக் எண்ட் பேரிங் பத்தி கேக்குறவன் ஒருத்தன் கூட இல்ல.

பென்னாகரம் ரோடு:
ரெண்டு தடவ போர் பண்ணியாச்சுண்ணா. ரெண்டாவது தடவைக்குக் காரணம் நான்தான். காலேஜ் படிக்கும்போது அப்பாவுக்குத் தெரியாம சேலத்துக்கு எடுத்துட்டுப் போனேன். தொப்பூர் கணவாய் இறக்கத்துல பின்னாடி லாரி, நான் பயந்துட்டு ஆக்சிலேட்டர சுத்தமா விட்டுட்டு கியர்லயே இறக்குறேன், பாதி இறக்கத்துல திடீர்னு பின் வீல் அப்படியே லாக் ஆகி க்ரீச்சுனு இழுத்துச்சு. எப்படியோ கிளட்சப் புடிச்சுட்டேன், இல்லன்னா இன்னிக்கு இத எழுதிட்டு இருக்க மாட்டேன். ஓரங்கட்டி உக்காந்திருந்தேன், அரை மணி நேரம் கழிச்சு கிக்கர் இறங்குச்சு, ஸ்டார்ட்டும் ஆச்சு, ஆனா அந்த பழைய சத்தம் இல்ல, டப்பால ஜல்லி போட்டு ஆட்டுன மாதிரி.

வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலைல அப்பா ஸ்டார்ட் பண்ணி பத்து செகண்டு கேட்டுட்டு ஆஃப் பண்ணிட்டாரு. "தொப்பூரா?"ன்னாரு. அவ்வளவுதான்.

தொப்பூர் இறக்கம்:
என் பேரப் பாத்தீங்களா, எனக்கும் அதே இடத்துலதான் 😭

ஓசூர் லேத்து:
புதுப் பசங்களுக்காகச் சொல்றேன், ஏன் அப்படி ஆச்சுன்னா, டூ ஸ்ட்ரோக்ல ஆயில் தனியா கிடையாது, பெட்ரோல் கூட கலந்து போறதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய். இறக்கத்துல ஆக்சிலேட்டர மூடிட்டா பெட்ரோல் உள்ள போகாது, பெட்ரோல் போகலன்னா எண்ணெயும் போகாது, ஆனா வீல் இஞ்சின வேகமா சுத்திட்டே இருக்கு. வறண்டு போயி பிஸ்டன் பிடிச்சிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்காரன் இஞ்சின் பிரேக்குல இறக்குன்னு சொல்லுவான், அவன் பேச்சக் கேட்டா நம்ம பிஸ்டன் காலி. கிளட்சப் புடிச்சு அப்பப்ப ஒரு முறுக்கு முறுக்கிக் குடுக்கணும், ரெண்டு பிரேக்கும் நல்லா வச்சிருக்கணும். வத்தல்மலை ஏறி இறங்குறவங்களுக்கும் இதே கதைதான்.

ஆயில் எவ்வளவு கலக்குறீங்க?

பென்னாகரம் ரோடு:
லிட்டருக்கு 40 மில்லி. அப்பா கணக்கு இருமல் மருந்து மூடில 4 மூடி. மூடி ஓரத்துல பல்லு பட்ட தடம் கூட இருக்கு, அது நான் சின்ன வயசுல கடிச்சதாம்.

ஓசூர் லேத்து:
கரெக்ட்டு. இப்ப வர்ற ஆயில் நல்லாருக்கு, 30 போதும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, கொஞ்சம் புகை வந்தா வரட்டும். இன்னொண்ணு, இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வருது. அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், வண்டி மாசக்கணக்குல நின்னா தண்ணி பிரிஞ்சு டேங்க் அடில தங்கி துரு பிடிக்கும். பழைய ரப்பர் டியூப் ஊறி பிசுபிசுன்னு ஆயிடும். ஓடிட்டே இருக்குற வண்டிக்குப் பெரிசா தொந்தரவு இல்ல, நிறுத்தி வச்சு துணி போத்தி அழகு பாக்குறவனுக்குத்தான் தலவலி. மிக்சர் கொஞ்சம் லீன் ஆகும், அதாவது காத்து அதிகம் பெட்ரோல் கம்மி, பிளக்கு வெள்ளையா வந்தா கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் விடுற மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்துங்க. ரொம்ப நாள் நிறுத்தப் போறீங்கன்னா டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் வடிச்சுடுங்க.

புல்லட் பிரியன்:
இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு 2018ல வந்த புது ஜாவா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்ல அப்பாவுக்கு? செல்ஃப் ஸ்டார்ட், முட்டி வலிக்காது. பாக்க அதே மாதிரிதான் இருக்கு, ரெண்டு சைலன்சரும் இருக்கு.

ரெட்டை சைலன்சர்:
293 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணில குளிர வைக்கிற இஞ்சின், நல்ல வண்டிதான், குறை சொல்லல. ஆனா அந்த ரெட்டை சைலன்சர்ல இருந்து வர்ற "டும் டும் டும்"ங்கிற பீட்டு அதுல எங்கய்யா. கோயில் உறுமி மேளம் தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும்.

ராஜ்தூத் பால்காரன்:
எல்லாரும் ஜாவா ஜாவான்னு பேசுறீங்க, எங்க அரூர்ப் பக்கம் வந்து கேளுங்க. ராஜ்தூத் 175, மூணே கியரு, ரெண்டு பக்கமும் 40 லிட்டர் கேன், நடுவுல எங்க தாத்தா. போலந்து டிசைன், தர்மபுரி ரோடு. பெயிண்ட்டா, ரெஸ்டோரேஷனா, அப்படின்னா என்னன்னு கேப்பாரு. கேன் மாட்டுற கொக்கிய அறுக்கணும்னு எவனாவது சொல்லியிருந்தா அந்தக் கேன்லயே முக்கியிருப்பாரு.

மாங்காத்தோப்பு:
காவேரிப்பட்டணத்துல இருந்து எழுதுறேன். இங்க பொண்ணுங்க யாரும் எழுதுறதில்ல போல, பரவால்ல.

எங்க நைனாவோட யெஸ்டிய அவரு போனதுக்கப்புறம் நான்தான் வச்சிருக்கேன். அண்ணன் விக்கலாம்னாரு, நான் குடுக்கல. முதல் வருஷம் ஆசையா சேலத்துல ஒருத்தர் கிட்ட பெயிண்டுக்கு விட்டேன். வந்தப்ப பளபளன்னு இருந்துச்சு, எல்லாரும் சூப்பர்னாங்க. ரினிவலுக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, சேசிஸ் நம்பர் மேல பட்டி போட்டு, தேச்சு, பெயிண்ட் அடிச்சு மூடிட்டாங்க. நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேச்சு பிரிண்ட் எடுக்கச் சொன்னா வெறும் வழுவழு. திரும்ப பெயிண்ட சுரண்டி, பட்டி எடுத்து, நம்பர் பாதி தேஞ்சு போயிருக்கு, அந்த ஒரு 3 எனக்கு 8 மாதிரி தெரியுது, ஆபீஸருக்கு வேற என்னமோ மாதிரி தெரியுது. நாலு தடவ அலைஞ்சேன். அண்ணா, நீங்க பெயிண்டுக்குக் குடுத்தா, குடுக்குறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டையும் பென்சில் பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க, போட்டோவும் எடுங்க, அந்த இடத்துல டேப் ஒட்டிக் குடுங்க.

இன்னொண்ணு சொல்லலாமான்னு தெரியல. பழைய டேங்க்ல நைனா முட்டி ஒரசி ஒரசி ஒரு இடத்துல பெயிண்ட் போயி தகரம் தெரியும். சின்ன வயசுல முன்னாடி உக்காந்து போகும்போது என் விரல் அந்த இடத்துலயே இருக்கும், வழுவழுன்னு இருக்கும். புது பெயிண்ட்ல அது இல்ல. எந்த இடம்னு கூட எனக்கு இப்ப சரியா சொல்ல முடியல.

ரெட்டை சைலன்சர்:
🙏

பழைய நம்பர்:
அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. பென்சில் பிரிண்ட் விஷயத்த எல்லாரும் குறிச்சு வச்சுக்குங்க.

தம்பி, பிராக்கெட் பத்தி. வின்டேஜ் ரூல்ல சொல்றது ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி, இஞ்சின் இதுல பெரிய மாத்தம் பண்ணியிருக்கக் கூடாதுன்னு. ஒரு ஆங்கிள் துண்டு அதுல வருமா வராதான்னு பாக்குற ஆபீஸர் கைலதான் இருக்கு. ஆனா உங்க அப்பா ஓட்டுற வண்டிக்கு நீங்க வின்டேஜுக்குப் போகவே வேணாம், படிவம் 25 போட்டு சாதாரண ரினிவல், 5 வருஷத்துக்கு ஒரு தடவ. லைட்டு, ஹாரன், பிரேக்கு, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் சரியா இருந்தா போதும். 6 வோல்ட் ஹாரன் காலைல பாட்டரி ஃபுல்லா இருக்கும்போது நல்லா கத்தும், மத்தியானம் ஆட்டுக்குட்டி மாதிரி ஆயிடும், அதனால காலைல முதல் ஆளாப் போயி நில்லுங்க.

புல்லட் பிரியன்:
ஆட்டுக்குட்டி 😂😂 சரி நான் வாபஸ் வாங்கிக்கிறேன். புது வண்டி வேணாம்.

பென்னாகரம் ரோடு:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி இதெல்லாம் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். தொப்பூர் கதைய எழுதுனேன்னு தெரிஞ்சதும் மொறச்சாரு. மாங்காத்தோப்பு அக்கா எழுதுனத படிச்சப்ப ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஆரம்பிச்சாரு.

ஒரு தடவ கிளட்ச் கேபிள் ஏரியூர் தாண்டி அறுந்து போச்சாம், கைல மருந்து, மறுநாள் வேற ஊருக்குக் கேம்ப் சொல்லியாச்சு. ஜாவால கியர் லீவர மிதிக்கும்போதே கிளட்ச் தானா விலகிக்கும்ல, அத நம்பி கைக் கிளட்ச் இல்லாமலே அன்னிக்கு மிச்ச ஊரையும் முடிச்சுட்டு வீடு வந்தாராம். கேபிள் வாங்கத்தான் முதல் தடவ மைசூர் போனாராம், மேட்டூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியா, இதே வண்டில. தர்மபுரில கேபிள் கிடைக்காதாப்பான்னு கேட்டேன். "கிடைக்கும். ஃபேக்டரிய பாக்கணும்னு ஆசை"ன்னாரு. 50 வருஷமா எங்க அம்மாவுக்கே இது தெரியாது. அடுப்படில இருந்து அம்மா, "ஓ, அதான் அன்னிக்கு கேம்ப்புன்னு சொன்னீங்களா"ன்னு ஒரு குரல் விட்டாங்க பாருங்க.

அப்புறம் பிராக்கெட். எனக்குத் தெரியாத விஷயம், அத வெல்டு வச்சது ஒரு மாட்டுக்காரராம். அவரோட உழவு மாடு ரெண்டும் பொழச்சதுக்கு காசு குடுத்திருக்காரு, அப்பா வாங்கல, மச்சான் வெல்டிங் பட்டறைல இருக்கான்னு வண்டிய வாங்கிட்டுப் போயி வச்சுக் குடுத்துட்டாரு. அதுக்கு முன்னாடி பெட்டிய கயிறு போட்டுத்தான் கட்டிட்டு இருந்தாராம், மேடு பள்ளத்துல மருந்து பாட்டில் ஒடஞ்சிட்டே இருக்குமாம். "அறுக்கணும்னா அறுத்துக்க, ஆனா கயிறு வாங்கி வை"ன்னாரு. வண்டில பெட்டியே இல்லாம கயிறு எதுக்குன்னு நான் கேக்கல.

முடிவு பண்ணிட்டேன். குரோம் இல்ல, பெயிண்ட் இல்ல. ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி இஞ்சின மட்டும் பிரிக்கப் போறேன், கார்க் கிளட்ச் பிளேட்டு மாத்தணும், பிளக்குக்குத் தீப்பொறி குடுக்குற பாயிண்ட் தீஞ்சிருக்கு. பாயிண்ட் கேப் 0.4 மில்லிமீட்டர் வைக்கிறதுக்கு அப்பா இன்னும் கல்யாணப் பத்திரிகை அட்டையத்தான் வச்சுப் பாக்குறாரு, ஃபீலர் கேஜ் வாங்கிக் குடுத்தேன், அளந்து பாத்தா அட்டையும் அதேதான் சொல்லுது.

ஓசூர் லேத்து:
வாங்க தம்பி, கிராங்க் நான் பாத்துத் தரேன், லேத் நம்மளுது. ஜூலை ரெண்டாவது ஞாயிறு ஜாவா யெஸ்டி டே வருது, அதுக்குள்ள முடிச்சுட்டா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஹைவேல வேணாம், பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா மெதுவா வாங்க. தக்காளி லாரி மட்டும் பாத்து.

மாங்காத்தோப்பு:
நானும் வரேன் அண்ணா, ராயக்கோட்டைல சேந்துக்கலாம். அப்பாவ பிராக்கெட்ல அந்த ஐஸ் பெட்டிய மாட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும். பெட்டி இன்னும் இருக்குதா?

பென்னாகரம் ரோடு:
இருக்குதுக்கா. மாட்டுக் கொட்டாய் மூலைல இருந்துச்சு, இன்னிக்கு காலைல போயி எடுக்கலாம்னு பாத்தா கோழி அடை உக்காந்திருக்கு, பதினோரு முட்டை. அம்மா கை வைக்க விடல. குஞ்சு பொரிக்கட்டும், கழுவி மாட்டிட்டு போட்டோ போடுறேன்.